தூசிக்குப் பத்து டிகிரி

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்கிற பீங்கான் யூனிட் ஒன்றில் நான் சூளை எரித்துக்கொண்டிருந்தேன். என் மகள் வெளியூரில், வானத்தில் இருக்கிற தூசியின் சூட்டை அளக்கும் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். செல்போன் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. எதிர்வீட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் கூப்பிடுவாள்.

அவள் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தலை குனிந்துவிடும். நான் ஐந்தாவது வரை. கேட்டவருக்குப் புரிகிற மாதிரி எனக்குச் சொல்ல வராது. மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நர்ஸ் என்பார்கள், டீச்சர் டிரெயினிங் என்பார்கள், கம்ப்யூட்டர் என்பார்கள். கேட்டவனும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவான்.

ஒருநாள் டீக்கடையில், எங்கள் யூனிட்டில் அச்சு வேலை பார்க்கிறவர் கேட்டார்.

"உம் பொண்ணு இன்னுமா படிக்குது?"

"ஆமா."

"என்னா படிப்பு?"

"மேல இருக்குற தூசிக்கு எவ்ளோ சூடுன்னு பாக்குது."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "தூசிக்கா? அதுக்கு ஏன்யா வெளியூரு? நம்ம யூனிட்டுக்கு வரச் சொல்லு. மூக்குல இருக்குது, காதுல இருக்குது, சோத்துல இருக்குது. எங்க வேணும்னாலும் அளந்துக்கட்டும்."

கடையே சிரித்தது. நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மகளுக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது. வரன் பார்க்கச் சொல்லி என் மனைவி தினமும் பேசினாள். மகள் ஒன்றுதான் சொன்னாள். "இன்னும் ஒரு வருசம் இருக்குதும்மா. அத முடிக்க வுடுற எடமா இருந்தா பாருங்க. இல்லன்னா வேணாம்." அந்த ஒரு வருடத்தை வாங்கிக்கொடுப்பது என் பொறுப்பு என்று ஆயிற்று.

தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை நல்லூர் பக்கம் ஸ்கூல் வாத்தியார். படித்த வீடு, படிப்பை மதிப்பார்கள் என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் பீங்கான் எஸ்டேட்டிலேயே பொம்மைச் சூளை வைத்திருக்கிறவர். எனக்கு முகம் தெரியும், பேசியதில்லை. "அவரு சொன்னா அந்த வூட்டுல மறுபேச்சு கெடையாது. அவர மட்டும் புடிச்சிடுங்க, போதும்" என்றார் தரகர்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெண் பேசாது. காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும். படிப்பு, குணம், எல்லாம் அப்பன்தான் சொல்ல வேண்டும். லீவுக்கு வந்திருந்த மகளைப் பிடித்து, எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டேன். அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அதுவரை நான் கேட்டதே இல்லை.

அவள் காலேஜிலிருந்து கொண்டுவந்திருந்த மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு படம் காட்டினாள். நிறைய நட்சத்திரம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. மை கொட்டின மாதிரி கறுப்பு.

"இது ஓட்டையா பாப்பா?"

"ஓட்ட இல்லப்பா, மேகம். காத்தும் தூசியும் கலந்து நிக்குது. பின்னால இருக்குற நட்சத்திரத்தையெல்லாம் மறைச்சிடுது. அதுலயும் ரொம்ப அடர்த்தியான எடத்தத்தான் நான் பாக்குறேன்."

"நம்ம யூனிட்டுத் தூசி மாதிரியா?"

"கிட்டத்தட்ட. மணலு, கரி, அந்த மாதிரிதான். ஆனா புகையில இருக்குற துகளு மாதிரி ரொம்பப் பொடி."

"எரியுதா?"

"எரியல."

"எரியாதத எப்படிப் பாக்குறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சூளைய அணைச்சு ரெண்டு நாளு கழிச்சு கிட்ட போனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா மூஞ்சில அனலு அடிக்குமில்ல? அந்த மாதிரி இந்தத் தூசியிலேருந்தும் ஒண்ணு வருது. ரொம்பக் கொஞ்சம். கடலுக்கு அந்தாண்ட ஒரு மலை உச்சியில அதப் புடிக்கிற தொலைநோக்கி இருக்குது. ரெண்டு விதமான அலையில தனித்தனியா புடிப்பாங்க. எதுல எவ்ளோ வருதுன்னு ஒண்ணோட ஒண்ண வச்சுப் பாத்தா, சூடு எவ்ளோன்னு கணக்கு வரும். நீங்க ஓட்ட வழியா பாத்து, செவப்பா இருக்குது, மஞ்சளா இருக்குதுன்னு சொல்றீங்கல்ல? அதேதாம்பா. இந்த நெறம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சூளைச் சுவரில் ஒரு செங்கல் அளவு ஓட்டை இருக்கும். அதன் வழியாக நிறம் பார்த்துத்தான் நானும் சூடு சொல்கிறேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் கூசினேன் என்று இருந்தது.

அவள் மேலே சொல்லிக்கொண்டு போனாள். மேகத்தின் வெளிப்பக்கத்தில் நட்சத்திர வெளிச்சம் படும். அங்கே கொஞ்சம் சூடு. உள்ளே போகப் போக வெளிச்சம் நுழையாது, குளிர்ந்துவிடும். குளிர்ந்து இருந்தால்தான் அது தன் பாரத்திலேயே அமுங்கும். அமுங்கி அமுங்கி நடுவில் ஒரு நட்சத்திரம் பிறக்கும்.

"ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி தப்பா அளந்தா மேகத்தோட எடையே தப்பாயிடும். எடை தப்புனா, அங்க நட்சத்திரம் பொறக்குமா பொறக்காதான்னு சொல்றதும் தப்பாயிடும். எனக்கு இன்னும் ஒரு வருசம் வேணும்ன்றது அந்த ஒரு டிகிரி, ரெண்டு டிகிரிக்குத்தாம்பா. வெளிப்பக்கத்துச் சூடும் உள்பக்கத்துச் சூடும் கலந்து வருது. அதப் பிரிக்கணும்."

"மொத்தம் எவ்ளோ டிகிரி?"

"பத்து."

"பத்தாயிரமா?"

"வெறும் பத்து. சூடுன்றதே சுத்தமா இல்லாத எடத்துலேருந்து எண்ணுனா பத்து. நம்ம கணக்குல, பூஜ்ஜியத்துக்குக் கீழ இருநூத்தி அறுவத்தி மூணு."

நான் சரி என்றேன். ஆனால் மனசு இறங்கிவிட்டது.

எங்கள் ஊரில் சூடு என்பது மரியாதை. ஃபியூஸ் கட்டைக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஏற வேண்டும். பொம்மைக்கு ஆயிரத்து நூறு போதும். அதனால் ஃபியூஸ் கட்டைக்காரன் பொம்மைக்காரனை ஒரு படி கீழேதான் வைப்பான். பொம்மைக்காரன் செங்கல் சூளைக்காரனை வைப்பான். சூடு ஏற்றத் தெரியாதவனை யாரும் எந்தப் படியிலும் வைக்க மாட்டார்கள். சரியாக வேகாத பீங்கானை, மேற்பூச்சு இல்லாத பக்கமாக நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சரக்கு வந்தால், எரித்தவன் கையிலேயே ஒன்றைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கும் ஒருமுறை நடந்தது. நாக்கிலிருந்து பிய்த்து எடுக்கிற வரைக்கும் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு சிரிப்பார்கள்.

பத்து என்ற எண் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், தரகர். எதிர்வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தோம். வெயில், பஸ் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். அப்புறம் மாமன் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு என்னா பண்ணுது? தரகரு என்னமோ சொன்னாரு. அவருக்கே புரியல, எனக்கு எங்கேருந்து புரியும்?"

"வானத்துல மேகம் இருக்குதுங்க. மழ மேகம் இல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவுல நிக்குற மேகம். அதுல தூசி இருக்குது. அதோட சூட்ட இங்கேருந்தே அளக்குதுங்க. நாம ஓட்ட வழியா நெறம் பாக்குறோமில்ல, அந்த மாதிரி."

தடுமாறாமல் சொல்லிவிட்டேன். மாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட! நம்ம தொழிலுதான். கோனு வைக்காமலா?"

கோன் என்பது சூளைக்குள் வைக்கிற சின்ன மண் கூம்பு. உரிய சூடு வந்தால் தலை சாயும்.

"வைக்காமலேதாங்க."

"பலே. டேய், கேட்டுக்க" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். என் மனைவி கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மாமன் கேட்டார். "எவ்ளோ போவுது அங்க?"

சூளைக்காரன் சூளைக்காரனிடம் கேட்கிற கேள்வி. எஸ்டேட்டில் தினமும் கேட்டுக்கொள்வதுதான். பத்து என்று வாய்வரைக்கும் வந்தது. எதிரில் இருப்பவர் ஆயிரத்து நூறு எரிக்கிறவர்.

"பத்தாயிரம்" என்றேன்.

"பத்தாயிரமா!" அவர் தொடையில் தட்டினார். "என் சூள ஆயிரத்தி நூறுக்கே மூச்சு வாங்குது. பத்தாயிரத்துல தூசி எப்படிய்யா தூசியா இருக்கும்? ஆவியா போயிடாது?"

"அது வேற தூசிங்க."

"வேறன்னா?"

"கெட்டித் தூசி."

சொன்ன உடனே அது எவ்வளவு அபத்தம் என்று எனக்கே கேட்டது. மாமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

காபித் தட்டோடு மகள் வந்தாள். இன்னும் கூப்பிடவில்லை. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, மாமனைப் பார்த்தே சொன்னாள்.

"பத்தாயிரம் இல்லிங்க. பத்து. அப்பாகிட்ட நான்தான் சரியா சொல்லல."

அவள் சரியாகச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதவோரத்தில் இருந்து கேட்ட என் மனைவிக்கும் தெரியும்.

"பத்துன்னா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஃபிரிட்ஜு மாதிரியாம்மா?"

"ஃபிரிட்ஜ விட ரொம்ப ரொம்பச் சில்லுன்னு இருக்குங்க. அந்தப் பத்து வேற அளவு."

மாமன் சிரிக்க ஆரம்பித்தார். கெட்டவர் இல்லை. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். "ஏங்க, பத்தாயிரம் ஏத்திட்டுப் பத்துல வந்து நிக்குறீங்களே, மிச்சத்த எங்க எறக்கி வச்சீங்க?"

தரகர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையும் குனிந்து சிரித்தார். மகள் அதைப் பார்த்தாள்.

"காபியத் தொட்டுப் பாத்துக் குடிங்கப்பா" என்றார் மாமன். "இவரு சூடுன்னா நம்பாதீங்க." திரும்பவும் சிரிப்பு. ஒரு மடக்கு குடித்தபிறகு, சிரிப்பு பாதி இருக்கும்போதே கேட்டார். "நாளைக்கு நக, சீருன்னு பேச உக்காந்தா அப்பவும் இதே அளவுதானா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். படிப்பை முடிக்க ஒரு வருடம் வேண்டும் என்பதை அன்றைக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை. என் வாய்க்கு அதற்குமேல் விலை இல்லை. தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

மகள் கிளாசுகளைப் பொறுக்கினாள். நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

"ஏம்பா," என்றாள், "பத்து போதாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நான் எழுந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவளோடு ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பையை மேலே தூக்கி வைத்தேன். போயிட்டு வரேன்பா என்றாள். நான் கையை மட்டும் காட்டினேன்.

எஸ்டேட் சின்னது. பொம்மைச் சூளையில் இருந்து பேச்சு கிளம்பி, நான் வேலைக்குப் போவதற்குள் எங்கள் யூனிட்டுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் அச்சு வேலைக்காரர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க பத்தாயிரம். உக்காருங்க. மெதுவா, நாற்காலி உருகிடப் போவுது."

அதிலிருந்து அதுதான் என் பேர். முதலாளி வரைக்கும் போயிற்று. "பத்தாயிரத்தக் கூப்பிடு" என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். போனேன். போகாமல் எப்படி இருப்பது.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் சம்மதம் சொல்லியிருந்தார்கள்.

"பொண்ணப் புடிச்சிருக்குதாம். உள்ளத உள்ளபடி சொல்லுது, அது போதும்ன்றாங்க. ஆனா இந்தத் தூசிப் படிப்ப இத்தோட நிறுத்திடணும். பி.எட். படிக்க வச்சு, ரெண்டு பேரும் வாத்தியாரா இருக்கட்டும்ன்றாங்க." தரகர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பேச்சுவார்த்தைக்கு உங்க மச்சான அனுப்பச் சொல்றாங்க. உங்கள வேணாம்ன்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

என் மனைவி எதிர்வீட்டு போனில் மகளிடம் சொன்னாள். மகள் சொன்னது இதுதான்: "நான் சொன்னதுதாம்மா. அப்பாகிட்ட கேளுங்க."

மனைவி வந்து என் முன்னால் நின்றாள். "இந்தாங்க, இது நல்ல எடம். ஒரு சிரிப்பு சிரிச்சாங்க, அவ்ளோதான். அதுக்குப் போயி தள்ளிடாதீங்க. இன்னொரு எடத்துலயும் இதத்தான் கேக்கப் போறாங்க. நீங்க என்னா சொல்லப் போறீங்க அங்க?"

அவள் கேட்டது நியாயம். எனக்கு அந்த இடமே அமைந்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. சரி என்று சொல்லி மச்சானை அனுப்பிவிட்டால், நான் அந்த ஆட்கள் எதிரில் உட்காரவே வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால், நான் போய் நிற்க வேண்டும். ஆனாலும் அந்த ஒரு வருடத்தை வாங்கித் தருவதாக ஏற்றவன் நான். தரகரிடம் சொல்லி அனுப்பலாம். தரகர் வழியில் எதையாவது கூட்டுவார். கூட்டிச் சொன்னது போதும் என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொம்மைச் சூளைக்குப் போனேன். வேலைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன் சட்டை இல்லாமல் கட்டிலில் இருந்தார். யாரோ ஒருவன், "அண்ணே, பத்தாயிரம் வருது, தள்ளி உக்காருங்க" என்றான்.

மாமன் அவனை அதட்டினார். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பொண்ணு படிப்ப நிறுத்தாதுங்க. ஒரு வருசம் இருக்குது. அது முடிக்கட்டும். உங்களுக்குக் காத்திருக்க முடியும்னா காத்திருங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

"அன்னிக்கு நான் சிரிச்சதுக்கா?"

"அதுக்கு இல்லிங்க."

"காத்திருக்க முடியாதுய்யா. பையனுக்கும் வயசு ஏறுது." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாப்பிடுகிறவர்களும் பார்த்தார்கள். "நெசமாவே கேக்குறேன். பத்து டிகிரி எதுக்கு ஆவும்? என்னத்த வேக வைக்கும் அது?"

நட்சத்திரம் பிறக்கும், குளிர்ந்தால்தான் அமுங்கும், ஒரு டிகிரி தப்பினால் எடை தப்பும். எல்லாம் நினைவில் இருந்தது. வாயில் வரவில்லை. அவ்வளவு பேர் எதிரில் நட்சத்திரம் என்ற சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வேக வைக்காதுங்க" என்றேன். "பத்துதான். பாப்பா பத்துன்னுதான் சொன்னுச்சு. நான்தான் கூட்டிச் சொன்னேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. மற்றவர்கள் அவன் முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தார்கள். மாமன் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் வந்துவிட்டேன். எங்கள் யூனிட் வருகிற வரைக்கும் காது எரிந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசியைக் களையப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். எப்போதும் மனைவிதான் முதலில் பேசுவாள். அன்றைக்கு நானே போனை வாங்கினேன்.

"அந்த எடம் வேணாம்னு சொல்லிட்டேன்."

"நேர்லயா போனீங்க?"

"ஆமா."

"என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"நீங்க என்னாப்பா சொன்னீங்க?" என்றாள்.

"பத்துன்னேன்."

அவள் அப்பா என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன்.